டெல்வாட் வீதியின் மெய்யான வரலாறு

1

நான் இப்போது இருக்கிற தெருவுக்கு ஒரு பறவையின் பெயர். பக்கத்துத் தெருவுக்கு இன்னொரு பறவை. இந்த நெதர்லாந்து நகரில் எங்கள் பேட்டை முழுவதும் பறவைகள்தான். உண்மையான பறவைகள் வீடு கட்டத் தொடங்கியபோதே போய்விட்டன. பெயர்ப்பலகைகள் மிஞ்சியிருக்கின்றன, ஒவ்வொன்றின் அடியிலும் அந்தப் பறவை எங்கே வாழும், என்ன தின்னும் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. பக்கத்து வீட்டு மனுசன் ஒருநாள் பெருமையாகச் சொன்னார்: ஒரு தெருவுக்குப் பெயர் வைக்க நகரசபை ஒரு குழு அமைக்குமாம், குழு மாதக்கணக்காகக் கூடுமாம், பொதுமக்களிடம் கருத்துக் கேட்குமாம், பிறகு ஒருவருக்கும் பிடிக்காத பெயரை வைக்குமாம்.

நான் தலையாட்டிக் கேட்டேன். மன்னாரில் ஒரு தெருவுக்கு நான் தனியாக, ஒரே பின்னேரத்தில், மீன் பெட்டியின் முன்னால் முழங்காலிட்டுப் பெயர் வைத்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. அப்போது எனக்குப் பதினொரு வயது. குழு இல்லை. கருத்துக் கேட்கவில்லை. பதினான்கு வீட்டுக்காரரும் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

அந்தத் தெருவின் பெயர் டெல்வாட் வீதி. மன்னார் பட்டினத்தில் நிற்கிற ஓட்டோக்காரரிடம் இந்தப் பெயரைச் சொன்னால் அவர் தலையைச் சொறிவார். கழுதை ஒழுங்கை என்று சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவந்து விடுவார். கண்ணைத் திறந்துகொண்டு வந்தால் நல்லது, கழுதைகள் நடுவில் படுத்திருக்கும். ஒழுங்கையின் வாசலில் மூன்று மொழியிலும் எழுதிய நீலப் பலகை நிற்கிறது. கழுதைகள் அதன் தூணில் முதுகு சொறிந்து சொறிந்து பலகை இப்போது கடற்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அந்தப் பலகையைப் பற்றிக் கழுதைகளுக்கு மட்டும்தான் ஒரு கருத்து இருந்தது என்று நினைக்கிறேன்.

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், நான் இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது வருடம் முடிந்த அன்று காலையில் அம்மா தொலைபேசி எடுத்தார். வாழ்த்துச் சொல்லத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

"உன்ரை நாட்டுக் கப்டன் ஒருத்தன் வந்து எங்கடை ஒழுங்கை வாசலிலை கிடங்கு வெட்டிப்போட்டான்" என்றார்.

2

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனது நான். இதை நான் அடிக்கடி சொல்வேன், இனியும் சொல்வேன். அப்பாவுக்குத் தன் பெயரில் முதல் எழுத்து மட்டும் தெரியும், அதையும் வள்ளத்தில் தார் பூசும்போதுதான் எழுதிப் பார்ப்பார். அம்மா செபப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே ஒரு சொல் பிசகாமல் வாசிப்பார். அதனால் நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதும் ஒழுங்கையின் கடிதம், படிவம், மருந்துச் சீட்டு எல்லாம் என்னிடம் வந்தன. மருந்துச் சீட்டை எனக்கும் வாசிக்கத் தெரியாது. ஆனால் அதை முகத்தில் காட்டமாட்டேன்.

எங்கள் ஒழுங்கைக்குக் கழுதை ஒழுங்கை என்று பெயர் வந்த வரலாறு மிகச் சுருக்கமானது. மன்னார்க் கழுதைகளுக்கு முதலாளி இல்லை, வேலை இல்லை, போக்கிடமும் இல்லை. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் மதில், காற்று அடிக்காது. மணல் சூடு ஆறாது. அவை வந்து படுத்தன. ஆட்கள் பார்த்தார்கள். பெயர் வந்தது. இந்த நாட்டுக் குழுக்கூட்டங்களைவிட இது நாணயமான முறை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை.

ஆறாம் வகுப்புக்குப் பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். முதல் நாள் ஆசிரியை ஒவ்வொருவரையும் எழுப்பி விலாசம் கேட்டார். நான் எழும்பி, உரத்த குரலில், எங்கள் வீட்டில் முதன்முதல் விலாசம் சொல்லுகிறவள் என்ற பெருமையோடு, "கழுதை ஒழுங்கை" என்றேன். பின்வாங்கில், அதாவது கடைசி பெஞ்சில் இருந்து ஒருத்தி கழுதை மாதிரிக் கத்தினாள். நன்றாகத்தான் கத்தினாள், எங்கள் ஒழுங்கையில் இருந்திருந்தால் ஒரு கழுதையாவது பதில் கொடுத்திருக்கும். அதற்குப் பிறகு நான் வகுப்புக்குள் வரும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்டது. கணக்கில் முதலாவதாக வந்த அன்றும் கேட்டது.

அந்த வருடம்தான் ஒழுங்கைக்குக் கறண்ட் வரப்போகிறது என்றார்கள். இங்கே ஒரு விசயத்தைச் சொல்லவேண்டும். கறண்ட் வருவதற்கு முன்னமே எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு பிறிஜ் இருந்தது. கொழும்பில் பழுதாகி எறிந்த பிறிஜ்களைப் பழைய சாமான்காரர் கொண்டுவருவார்கள். அதை மல்லாக்காகக் கிடத்தி, உள்ளே ஐஸைக் கொட்டி, மீனைப் போட்டு, கதவை மூடியாக மூடினால் அதுதான் மீன் பெட்டி. எங்கள் பெட்டி வெள்ளை நிறம். மூடியின் நடுவில் வெள்ளி போல மினுங்குகிற ஆங்கில எழுத்துகளில் டெல்வாட் என்று இருந்தது. நான் என் வாழ்க்கையில் முதன்முதலாக எழுத்துக்கூட்டி வாசித்த ஆங்கிலச் சொல் அது. பிறிஜ் செய்த ஏதோ ஒரு கம்பனியின் பெயராக இருக்கவேண்டும். அந்தக் கம்பனியும் அந்தப் பிறிஜைப் போலவே எங்கேயோ மல்லாக்காகக் கிடக்கும்.

கறண்டுக்குப் படிவம் நிரப்பவேண்டும். பதினான்கு வீட்டுப் படிவமும் என்னிடம் வந்தன. எங்கள் வீட்டில் மேசை இல்லை, மீன் பெட்டிதான் மேசை. மூடியைக் கழுவித் துடைத்து, முதல் படிவத்தை விரித்தேன். பெயர் எழுதினேன், வீட்டு இலக்கம் எழுதினேன். அடுத்த கட்டம்: வீதியின் பெயர். பேனையை வைத்ததும் என் காதில் பின்வாங்குச் சத்தம் கேட்டது. கையை எடுத்தேன். கைக்குக் கீழே எழுத்துகள் மினுங்கின.

டெல்வாட் வீதி என்று பதினான்கு தரம் எழுதினேன். முக்கியமான சொல்லின் கீழ் சிவப்புப் பேனையால் கோடு போடவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள். பதினான்கு கோடும் அடிமட்டம் வைத்துப் போட்டேன்.

அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன எழுதினனி, இவ்வளவு நேரமா?"

"வீதியின்ரை பேர் அம்மா."

"அதுக்குத்தான் பேர் இருக்கே."

"இது கந்தோருக்கு."

"கந்தோருக்கு வேறை பேரோ?"

"ஓம்."

அம்மா நம்பிவிட்டார். கந்தோர் என்கிற அரச அலுவலகங்களைப் பற்றி அவருடைய அபிப்பிராயம் முன்னமே அப்படித்தான் இருந்தது.

கிராம சேவகர் பதினான்கிலும் வாசிக்காமல் கையொப்பம் வைத்துப் பிரதேச சபைக்கு அனுப்பினார். சண்டை முடிந்து சபை பெயர்ப்பலகை நடுகிற காலம் வந்தபோது கோப்பில் எந்தப் பெயர் இருந்ததோ அதைப் பலகையில் எழுதினார்கள். நான் அப்போது பெரிய வகுப்பு. பலகையைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது உண்மைதான். ஆனால் அதைவிடக் கூடுதலாக வந்தது வேறு. சிங்களத்தில்கூட எழுதியிருந்தார்கள்.

3

பிறிஜைக் கப்டன் ஆக்கியதும் நான்தான். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இங்கே எங்களுக்கு ஒரு ஊர்ச்சங்கம் இருக்கிறது. முப்பது குடும்பம், இருபத்தொரு பதவி. போன கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு இந்த நாட்டுக்காரர் ஒருவர் விருந்தாளியாக வந்திருந்தார், இளைப்பாறிய ஆசிரியர், நல்ல மனுசன். என் பக்கத்தில் இருந்து பற்றிஸ் சாப்பிட்டுக்கொண்டே, சிறுபிள்ளைகளுக்கும் அகதிகளுக்கும் என்று இந்த ஊரில் வைத்திருக்கிற மெல்லிய குரலில் கேட்டார்: "உங்கள் ஊரில் தெருக்களுக்கெல்லாம் பெயர் இருந்ததா?"

நான் இந்த நாட்டு மொழியில் உயர்ந்த பரீட்சை வரை எழுதி முடித்தவள். மருத்துவமனை ஆய்வுகூடத்தில் நான் ஒப்பமிட்டால்தான் அறிக்கை வெளியே போகும். என்னைப் பார்த்து இவர் தெருவுக்குப் பெயர் இருந்ததா என்று கேட்கிறார்.

"எங்கள் தெருவுக்கு உங்கள் ஆள் ஒருவரின் பெயர்தான்" என்றேன். "கப்டன் டெல்வாட். ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் கோட்டையில் இருந்தவர். சனத்துக்கு நல்ல தண்ணிக் கிணறு வெட்டிக் கொடுத்தவர்."

கிணறு எங்கேயிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. மனுசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இன்னொரு பற்றிஸ் எடுத்தார்.

பின்னால் தட்டோடு நின்றவர் சங்கத் தலைவர். அவருடைய பெயரை நான் எழுதமாட்டேன். எழுதினால் தன்னைப் பற்றிக் கட்டுரை வந்திருக்கிறது என்று வெட்டி ஒட்டி வைத்துவிடுவார். தலைவர் அண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய தம்பியின் வீடு எங்கள் ஒழுங்கையின் வாசலில் இருக்கிறது. அதை இப்போது இரண்டு மாடியாக்கி உல்லாசப் பயணிகளுக்கு விடுதி நடத்துகிறார்கள்.

இரண்டு கிழமையில் தலைவர் அண்ணை மூன்று பக்கக் கட்டுரையோடு வந்தார். சங்கத்தின் இருபதாவது ஆண்டு மலருக்கு. முதலாம் பக்கத்தில் கப்டன் கிணறு வெட்டினார். இரண்டாம் பக்கத்தில் கப்டனுக்குக் காய்ச்சல் வந்தது; அவருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த தமிழர் ஒருவர் கைவைத்தியம் செய்து காப்பாற்றினார். அந்தத் தமிழர் யார் என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை. தலைவர் அண்ணையின் பூட்டனாருக்குப் பூட்டனார். மூன்றாம் பக்கத்தில் கப்டன் நன்றியோடு அந்த ஒழுங்கையையும் அது முடிகிற கடற்கரையையும் அவருக்கும் அவர் சந்ததிக்கும் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார்.

"உதவி மேயர் விழாவுக்கு வாறார், பிள்ளை. அவரிட்டை குடுக்க இதை அவையளின்ரை பாசையிலை மாத்தித் தாரும். உம்மை விட்டா ஆர் இருக்கினம்?"

உம்மை விட்டால் யார் என்று ஒருவர் சொன்னால் நான் கிணற்றிலும் குதிப்பேன். அந்தக் கிணறு இல்லாத கிணறாக இருந்தாலும். மூன்று பக்கத்தையும் மாற்றிக் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தை யோசிக்கவே இல்லை, வேண்டியதைவிட அழகாகவே எழுதினேன். பழைய வாசனை வரட்டும் என்று, இப்போது ஒருவரும் பேசாத சொற்களாகத் தேடித்தேடிப் போட்டேன். அப்படிச் செய் என்று யாரும் கேட்கவில்லை. தலைவர் அண்ணை அடியில் சங்கத்தின் வட்ட முத்திரையைக் குத்தினார்.

4

இனி அம்மாவின் தொலைபேசிக்கு வருகிறேன்.

"என்ன கிடங்கு அம்மா?"

"படலைக்குக் கிடங்கு. தலைவற்ரை தம்பி ஒழுங்கைக்குப் படலை போடப்போறானாம். இது தங்கடை பரம்பரை ஒழுங்கையாம். ஒல்லாந்துப் பத்திரம் இருக்காம்."

"என்ன பத்திரம்?"

"மூண்டு தாள். ஒருத்தருக்கும் விளங்காத பாசை. கீழை வட்ட முத்திரை. அதைச் சபையிலை குடுத்திருக்கிறான். பாத்திட்டுக் கிளாக்கர் எழும்பி நிண்டதாம்."

நான் குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன்.

அம்மா தொடர்ந்தார். "படலை போட்டாலும் ஆக்கள் போய்வரலாமாம். மீன் கூடையோடை மட்டும் போகக் கூடாதாம். விடுதிக்கு வாற வெள்ளைக்காரருக்கு மணக்குமாம். நாங்கள் சேமக்காலையைச் சுத்திக்கொண்டு போகட்டாம்."

ஊர் தெரியாதவர்களுக்காக: படலை என்பது வாசல் கதவு, கிடங்கு அதன் தூணுக்கு வெட்டிய குழி. எங்கள் ஒழுங்கை ரோட்டில் தொடங்கிக் கடற்கரையில் முடிகிறது. காலையில் வள்ளம் வந்ததும் பெண்கள் மீனைக் கூடையில் சுமந்துகொண்டு ஒழுங்கையால் ஏறி வந்தால் பத்து நிமிடத்தில் சந்தை லொறி. சேமக்காலை, அதாவது கல்லறைத் தோட்டத்தைச் சுற்றினால் முக்கால் மணித்தியாலம், சுடுமணல். லொறி நிற்காது. அம்மா இருபத்தைந்து வருடமாகக் கூடை சுமக்கிறார். என் பள்ளிக்கூடச் சப்பாத்து அந்தக் கூடையில் இருந்துதான் வந்தது.

"அவன்ரை பூட்டன் ஒல்லாந்தனுக்கு மொழிபெயர்த்தவராமோ?" என்றார் அம்மா. "அவையள் அரிப்பு ஊரிலையிருந்து வந்தது எனக்குத் தெரியாதே? அவன்ரை தகப்பன் எங்கடை மீன் வாடியிலை நெத்தலி காயப்போட்டவன். நல்ல மனுசன். ஒரு பாசைதான் தெரியும், அதையும் பேசமாட்டார்."

"அம்மா, அந்தப் பத்திரத்தை எழுதினது நான்."

மறுபக்கத்தில் ஒரு கழுதை கத்துவது கேட்டது.

"பதினாலு நாள் தந்திருக்கிறாங்கள், மறுப்பு எழுதிக் குடுக்க" என்றார் கடைசியில். "உன்னைப் படிப்பிச்சது நல்லதாப் போச்சுது. நீ எழுதினதை நீயே வந்து அழி."

இதையெல்லாம் என் மகள் மேசையின் மறுபக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எட்டு வயது. தமிழ் விளங்கும், பேசும்போது இந்த நாட்டு மொழியைத் தமிழ்ச் சட்டை போட்டுக் கொண்டுவருவாள்.

"கப்டன் பொய்யா, அம்மா?"

"ஓம்."

"நான் வகுப்பில் சொன்னது. எல்லாரும் கை தட்டினது."

"தெரியும்."

"கழுதை உண்மையா?"

"கழுதை உண்மை."

"அப்ப ஏன் நீங்கள் கழுதை சொல்ல இல்லை? கழுதைதானே வடிவு?"

மேசையைத் துடைக்கத் தொடங்கினேன். ஒன்று மட்டும் கவனித்தேன். கதை பொய்யானதும் அவள் அதை "உங்கடை தெரு" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். கப்டன் இருந்தவரை அது "எங்கடை தெரு".

5

தலைவர் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, கப்டன் டெல்வாட் எண்டு ஒராளும் இருக்கேல்லை."

"ஆதாரம் கிடைக்கேல்லை எண்டதுக்காக ஆள் இல்லை எண்டு சொல்ல ஏலாது, பிள்ளை. அதுதான் வரலாறு."

"அது எங்கடை வீட்டு மீன் பெட்டியின்ரை பேர். பழைய பிறிஜ்."

உடனே சொன்னார்: "பிறிஜுக்கு ஏன் அந்தப் பேர் வைச்சவங்கள் எண்டு யோசிச்சீரோ? கப்டன்ரை நினைவா இருக்கும்."

இந்த மனுசனுக்கு இருபத்தொரு பதவியும் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

"தம்பியிட்டைச் சொல்லி அந்தத் தாளைத் திருப்பி எடுப்பியுங்கோ. இல்லாட்டி நான் சபைக்கு உண்மையை எழுதுவன்."

குரல் மாறியது. மெல்லியதாக, அக்கறையாக. "எழுதும். ஆனா ஒண்டை யோசியும். உம்மடை பிறப்புப் பதிவு, பள்ளிக்கூடச் சான்றிதழ், எல்லாத்திலையும் எந்த விலாசம் கிடக்கு? நீர் இங்கை குடியுரிமை கேட்டு வைச்சிருக்கிறீர். சின்னனிலையிருந்து பொய் விலாசம் எழுதினனான் எண்டு உம்மடை கையாலையே எழுதிக் குடுக்கப் போறீரோ? இவங்கள் சும்மா விடுவாங்களோ?"

பிறப்புப் பதிவைப் பற்றி அவர் சொன்னது பிழை. அது நான் எழுதப் பழகுவதற்கு முந்தியது. மற்றதெல்லாம் சரி. ஒன்பது வருடம் மொழி படித்து, பரீட்சை எழுதி, வரிசையில் நின்று வாங்கப்போகிற ஒரு கடதாசி. ஒரு பக்கம் அது. மற்றப் பக்கம் அம்மாவின் தலையில் கூடை. எதை எடுப்பது என்பதில் எனக்குக் குழப்பம் இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தது.

நகரசபைக் கந்தோரில் நேரம் எடுத்துப் போனேன். இங்கே ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம்; பத்தாவது நிமிடத்தில் உத்தியோகத்தர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார், அதற்கு எழும்பிப் போ என்று அர்த்தம். நான் மூச்சு விடாமல் சொன்னேன்: சிறுவயதில் தெருவின் பெயரை நானே உண்டாக்கி எழுதினேன், என் சான்றிதழ்களில் அந்தப் பெயர் இருக்கிறது, உண்மையான பெயர் கழுதை ஒழுங்கை.

அந்தப் பெண் தன் கணினியைத் திருப்பி எனக்குக் காட்டினாள். பிறந்த இடம்: மன்னார். நாடு: இலங்கை. அவ்வளவுதான்.

"தெருவின் பெயரை நாங்கள் கேட்பதில்லையே" என்றாள். "அதற்குக் கட்டமும் இல்லை."

பதினொரு வயதில் இருந்து நான் தூக்கித் திரிந்த பெயர். இந்த நாட்டில் ஒரு கந்தோரும் அதை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டவர் பற்றிஸ் சாப்பிட்ட ஆசிரியர் ஒருவர் மட்டும். எனக்கு நிம்மதியாக இருக்கவேண்டும். கோபம்தான் வந்தது. நான்காவது நிமிடமே எழும்பிவிட்டேன். அவளுக்குச் சிரிக்க வாய்ப்புக் கொடுக்கவில்லை.

6

சபைக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். தமிழில், கையால்.

அந்த மூன்று தாளும் பத்திரம் அல்ல. போன மாசியில் நான் செய்த மொழிபெயர்ப்பு. கப்டன் என்று ஒருவர் இருந்ததில்லை. ஒளிவிழாவில் நான் சொன்ன பொய். டெல்வாட் வீதி என்ற பெயரும் நான் வைத்தது. உங்கள் கோப்பில் கறண்டுக்குக் கொடுத்த பதினான்கு படிவம் இருக்கும். எல்லாம் ஒரே கையெழுத்து, இந்தக் கடிதத்தின் கையெழுத்து. வீதிப் பெயரின் கீழ் சிவப்புக் கோடு இருக்கும். அதற்கு முந்திய எந்தக் கடதாசியிலும் இந்தப் பெயர் இருக்காது. கழுதை ஒழுங்கை என்றுதான் இருக்கும். அது எல்லோரும் நடந்த ஒழுங்கை.

எழுதி முடித்து ஒப்பமிட்டேன். படிப்பறிவில்லாதவர்கள் பெருவிரலை அழுத்தியபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் நினைத்தேன். அவர்கள் என்னை நம்பி அழுத்தினார்கள்.

கடிதத்தைப் படம் பிடித்து அம்மாவின் கைப்பேசிக்கும் அனுப்பினேன். அம்மா கடதாசியை நம்புகிறவர் அல்ல. மீன் பெட்டியின் மூடியைக் கழற்றி, மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு, ஆளுக்கொரு மூலையாகத் தூக்கிச் சபைக் கந்தோருக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டார். பிறகு எனக்குச் சொன்ன கதை இது:

"கிளாக்கர் கேட்டார், இது என்ன அம்மா எண்டு. இதுதான் ஐயா கப்டன் எண்டன். அந்தாள் எழுத்தைப் பாத்திட்டு, மணந்து பாத்திட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்குது. இந்த முறை எழும்பி நிக்கேல்லை."

பத்தாம் நாள் சபையில் இருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. அதே எழுதுவினைஞர், அம்மா சொன்ன கிளாக்கர்.

"பதினாலு படிவத்தையும் எடுத்துப் பாத்தம். நீங்கள்தான் எழுதினது எண்டு உறுதிப்படுத்துறீங்களோ?"

"ஓம்."

"அந்த நேரம் என்ன வகுப்பு?"

"ஆறாம் வகுப்பு."

கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது. "கையெழுத்து நல்ல வடிவு, பிள்ளை" என்றார்.

பொய்க்காரி என்று ஒரு அரச கோப்பில் என் பெயர் ஏறுகிற நேரம் அது. எனக்கு முகமெல்லாம் சிரிப்பு. இதை நான் இதுவரை நாலு பேருக்குச் சொல்லிவிட்டேன், நீங்கள் ஐந்தாவது.

படலைக்கு அனுமதி இல்லை என்று சபை எழுத்தில் கொடுத்துவிட்டது. கிடங்குகளைத் தம்பிக்காரரே மூடினார். ஆண்டு மலர் அந்த மூன்று பக்கம் இல்லாமல் வந்தது. விழாவுக்கு நானும் போனேன், போகாமல் விடுவேனா? மண்டபத்துக்குள் நுழையும்போது பின் கதிரைகளில் இருந்து யாரோ கழுதை மாதிரிக் கத்தினார்கள். பின்வாங்கு எந்த நாட்டிலும் பின்வாங்குதான். நான் நேரே போய் முன்வரிசையில், உதவி மேயருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். தலைவர் அண்ணை பொன்னாடையோடு கடந்து போனார். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த மலருக்கு அவர் புதிய ஆய்வொன்று செய்வதாகக் கேள்விப்பட்டேன்: மன்னாருக்கு முதன்முதல் கழுதை கொண்டுவந்தவர் யார் என்பது பற்றி. அவருடைய பூட்டனாராக இருக்கலாம் என்று ஆதாரங்கள் சொல்கின்றனவாம்.

போன கிழமை அம்மா திரும்ப எடுத்தார்.

"எல்லாம் சரி. என்ரை மூடி எங்கை?"

"எந்த மூடி?"

"பிறிஜ் மூடி. கந்தோரிலை சாட்சிப் பொருளாம், இலக்கம் போட்டு வைச்சிருக்கிறாங்கள். பெட்டியைச் சாக்காலை மூடிக்கிடக்கு. ஐஸ் கரையுது, மீன் பழுதாகுது. கப்டன் போனாப் போகட்டும், மூடி வேணும். கேட்டா, படிவம் நிரப்பிக் குடுங்கோ எண்டுறாங்கள்."

எழுதுவினைஞர் படிவத்தைக் கைப்பேசிக்கு அனுப்பினார். அச்சடித்துக் குசினி மேசையில் விரித்தேன். மகள் வந்து பக்கத்தில் நின்றாள். விண்ணப்பிப்பவரின் பெயர்: அம்மாவின் பெயரை எழுதினேன். பொருள்: மூடி, ஒன்று. திருப்பிக் கேட்பதற்கான காரணம்: மீன். அடுத்த கட்டம், வீதியின் பெயர்.

மேசை வெறும் மரம். கைக்குக் கீழே எதுவும் மினுங்கவில்லை.

கழுதை ஒழுங்கை என்று எழுதினேன். மகளிடம் சிவப்புப் பேனையும் அடிமட்டமும் வாங்கி, அடியில் கோடு போட்டேன்.